இருபத்தொரு நாள் மாத்திரை

லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். யாருக்காவது மூச்சு முட்டுகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு, ஆள் கிளம்பிவிட்டார், கதவைத் தள்ள வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பியிருக்க மாட்டார். இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அட்டையில் அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

பத்து மாதமாக அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக். தூக்கக் கலக்கம் தரும் மாத்திரை சாப்பிடுகிறவன் ஷாஃப்டுக்குள் இறங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஷாஃப்ட் என்றால் லிப்ட் ஏறி இறங்கும் கூடு. பத்து மாடிக் கட்டடத்தில் பத்து மாடி உயரத்துக்கு இருட்டு. விதி சரியானதுதான். நான் குறை சொல்லவில்லை.

மேஜை வேலைக்கு நான் பொருத்தமானவன் என்றார் மேலாளர். என் குரல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லையாம். ஒரு முறை உள்ளே மாட்டிய பெண் நாற்பது நிமிஷம் அழுதாள். நாற்பது நிமிஷமும் நான் அட்டையில் இருந்ததைச் சொன்னேன். அவளுக்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வரவில்லை. அவள் வெளியே வந்து எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினாள். அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள்.

அதே வாரம் எனக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு மாதம் மேஜையில் இருந்தவருக்கு மேஜையே நிரந்தரம். கருவிப் பையையும் ஷாஃப்ட் சாவியையும் ஒப்படைத்துவிட வேண்டும். எனக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. அதற்குள், கலக்கம் தரும் மாத்திரை எதுவும் இல்லை என்று டாக்டரின் கையெழுத்து வேண்டும். கம்பெனி நர்ஸின் சோதனையிலும் தேற வேண்டும்.

ஷாஃப்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்தேன். ஆசைப்பட்டேன் என்று எழுத முடியாது. அந்த மாதங்களில் எதன் மேலும் ஆசை வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த வேலைக்கு ஆசையாகப் போனவன் நான் என்பது நினைவிருந்தது. அந்த நினைவை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

*

முதுகில்தான் தொடங்கியது. மோட்டார் ஒன்றை நகர்த்தும்போது இடுப்புக்கு மேலே எதுவோ இழுத்தது. அன்று சாயங்காலம் வலது காலில் ஷாக் அடித்த மாதிரி வலி இறங்கியது. தெருமுனையில் இருந்த டாக்டரிடம் போனேன். ஆறடிக்கு மேல் இருப்பார். என் மனைவி அவரை நெட்டை டாக்டர் என்பாள். அவர் என்னைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். பாதத்தில் பேனா மூடியால் கீறினார். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதினார்.

இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தது. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டும் வலி குறையாவிட்டால்தான் ஸ்கேன். அது அவர்கள் விதி. டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு மாத்திரை எழுதினார். வலிக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று. நரம்பு மாத்திரை பாதி வெள்ளை, பாதி காவி. வீட்டில் அதற்கு இரட்டைக் கலர் என்று பெயர் வந்தது. அதைச் சாப்பிட ஆரம்பித்த அன்றே என்னை ஷாஃப்டிலிருந்து எடுத்து மேஜையில் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனபோது கதவு பூட்டியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றார் பக்கத்துக் கடைக்காரர். பட்டியலில் இல்லாத டாக்டருக்கு அந்தத் தெருவில் வேலை இல்லை. ஊரின் மறு கோடிக்குப் போய்விட்டாராம். எனக்குப் போனில் செய்தி வந்தது. இனி இந்தக் கிளினிக்குக்குச் செல்லவும் என்று.

கிளினிக் பெரியது. சுத்தமானது. சுவரில் டோக்கன் எண் சிவப்பாக மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். ஒருவருக்கு ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் அவர்கள் திரையைத்தான் பார்ப்பார்கள். கேள்விகள் அங்கேதான் இருந்தன. வலி பத்துக்கு எவ்வளவு என்பார்கள். ஐந்து என்பேன். ஐந்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று திரை சொல்லும்.

வயிறு எரிந்தது. எரிச்சலுக்கு ஒரு மாத்திரை வந்தது. கால் வீங்கியது. வீக்கம் வடிய நீர் பிரிக்கும் மாத்திரை வந்தது. அதைச் சாப்பிட்டுத் தூக்கத்தில் நாலு முறை எழுந்தேன். தூங்க ஒரு மாத்திரை வந்தது. ஆடுசதை பிடித்தது. அதற்கு ஒன்று. ரத்த அழுத்தம் ஏறியது. அதற்கு ஒன்று. எட்டாவது எதற்கு என்று கேட்டேன். முன்பு பார்த்த டாக்டர் எழுதியிருக்கிறார் என்றார் அந்த டாக்டர். அது பதில் என்று இருவரும் எடுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு சீட்டிலும் பழைய மாத்திரைகள் வரிசையாக அச்சாகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வார்த்தை. தொடரவும். மாதம் பிறந்தால் எல்லாம் ஒரு பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ஸ்கேன் மட்டும் வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். நாலாவது வாரத்தில் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், அதனால் ஆறு வாரத்தை அன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றாள். எண்ணினேன். மறுபடியும் போன் செய்தேன். இடையில் வேறு தயாரிப்பு மாத்திரைக்கு மாறியிருக்கிறீர்கள், எண்ணிக்கை முதலிலிருந்து என்றாள். மாறச் சொன்னதே நீங்கள்தான் என்றேன்.

"ஆமா சார். அது வேற பிரிவு."

அவள் முன்னாலும் ஓர் அட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எந்த வரியைப் படிக்கிறாள் என்பதுகூடத் தெரிந்தது. கோபம் வர வேண்டிய இடம் அது. நான் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

*

என் மனைவி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். வீட்டுக்கு வந்ததும் என் மாத்திரைகளை வாரத்துக்குப் பிரித்து டப்பாவில் போடுவது அவள் வேலை. விரிப்பை மடிப்பது போலவே செய்வாள், யோசிக்காமல், ஓரம் பிசகாமல்.

கம்பெனிக் கடிதம் வந்த மாதம்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. போனில் சொன்னாள். பெண் குழந்தை. நான் எத்தனை கிலோ என்று கேட்டேன். மனைவி போனை வாங்கிக்கொண்டாள். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கறிக்கடையில நிக்கிற மாதிரி கேக்கறீங்க."

"வேற என்ன கேக்கணும்?"

"யார் மாதிரி இருக்குன்னு கேக்கணும். பொய்க்காவது கேக்கணும்."

மறுநாள் மகளுக்குப் போன் செய்து யார் மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். உங்க மாதிரிதான்பா, எப்பப் பாத்தாலும் தூங்குது என்றாள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும் நேரம் எது என்பது மறந்துபோகவில்லை.

கம்பெனிக் கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். கலக்கம் தருவது எந்த மாத்திரை? இரட்டைக் கலர். அதை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை.

ஏன் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அது எங்கள் தொழிலில் இருந்த ஒன்று. வெளியே சொன்னால் முட்டாள்தனமாகத்தான் இருக்கும்.

எங்கள் வேலையில் ஷாஃப்டுக்குள் இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டைப் போடுவான். சாவி அவன் பையில். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. வேலை முடிந்து வெளியே வந்து அவனவன் பூட்டை அவனவன்தான் எடுக்க வேண்டும். மேலாளரே வந்தாலும் இன்னொருவன் பூட்டைத் தொட மாட்டார். தொட்ட இடங்களில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

என்னோடு பதினேழு வருஷம் ஷாஃப்டில் வேலை செய்தவன் நட்டு. சட்டைப் பையில் எப்போதும் நட்டுகள் கிடக்கும். அதனால் அந்தப் பெயர். அந்த வாரம் அவன் மேஜைக்கு வந்து என் தேநீரில் பாதியைக் குடித்தபடி ஒரு கதை சொன்னான். வேறு பிரிவில் ஒருவன் பூட்டை மாட்டிவிட்டு மறந்துபோய் மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டான். சாவி அவனிடம். பதினாலு மாடிக் கட்டடம். ஜனம் மாடிப்படியில் ஏறுகிறது, திட்டுகிறது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கல்யாணத்திலிருந்து ஆளை அழைத்து வந்தார்கள்.

"புதுச் செருப்பு மாப்ள. கடிக்கிற செருப்பு. அதோட பதினாலு மாடி ஏறினான். லிப்டுதான் ஓடலையே."

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, உடைத்திருக்கலாமே என்றேன். உள்ளேதான் யாரும் இல்லையே.

நட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உனக்கு என்ன ஆச்சு? யாரு போட்டானோ அவன்தான் எடுக்கணும். உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு அவனுக்குத்தான் தெரியும்."

நான் இதைத்தான் டாக்டர்களிடமும் செய்துகொண்டிருந்தேன். இரட்டைக் கலர் நெட்டை டாக்டர் போட்டது. கிளினிக்கில் இருந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. எல்லாரும் தொடரவும் என்றுதான் அச்சடித்தார்கள். அவர்கள் செய்வது முறையாகத்தான் எனக்குப் பட்டது. அதனால் ஒருவரிடமும் அதை எடுங்கள் என்று கேட்கவில்லை.

போட்டவரைத் தேடிப் போவது என்று முடிவு செய்தேன்.

*

இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. ஒரு டயர் கடைக்கு மேலே, வெளிப்பக்கம் இரும்புப் படி. வரவேற்பில் யாரும் இல்லை. நெட்டை டாக்டரே வந்து கதவைத் திறந்தார். குனிந்துதான் வர வேண்டியிருந்தது. என்னை அவருக்கு நினைவில்லை. காலைத் தூக்கிப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் போட்ட மாத்திரையை அவர் எடுக்க வேண்டும்.

"எந்த மாத்திரை?"

பிளாஸ்டிக் உறையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன். இரட்டைக் கலரைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மற்ற கட்டங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

"இத இன்னுமா சாப்பிடறீங்க?"

"யாரும் நிறுத்தச் சொல்லல டாக்டர்."

"நான் எழுதின சீட்டு இருக்கா?"

இருந்தது. எங்கள் வேலையில் தாளைத் தூக்கிப் போட மாட்டோம். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கையெழுத்து எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. விரலை வைத்துக் காட்டினார். மாத்திரையின் பெயர், அளவு, காலை, இரவு. கடைசியில் ஒரு எண். இருபத்தொன்று.

"மூணு வாரம். மூணு வாரம் கழிச்சு வாங்க, பாத்துட்டு நிறுத்தலாம்னு இருந்தேன்."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றது. மறுபடி தொடங்கியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பத்து மாதத்தை நாளாகப் பெருக்கிப் பார்த்தேன். முந்நூறு வந்தது. அதில் இருபத்தொன்றைக் கழித்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கால் வீங்குவது இந்த மாத்திரையால் என்றார். வீங்கியதால் நீர் மாத்திரை. நீர் மாத்திரையால் ஆடுசதை. தூக்கம் கெட்டதும் அதனால்தான். அவர் ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தினார். முடித்துவிட்டு டப்பாவை மூடினார். உடனே நிறுத்தக் கூடாது, அளவைக் குறைத்துக் குறைத்து நாலைந்து வாரத்தில் நிறுத்த வேண்டும், தினமும் பார்க்க ஆள் வேண்டும் என்றார். கிளினிக்கில் சொல்லுங்கள் என்றார்.

"நீங்க போட்டது. நீங்கதான எடுக்கணும்?"

"யார் சொன்னா?"

பூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஏழு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"உங்க வேலையில ஒருத்தன்தான் எடுக்க முடியும். அதனால அவன் வந்து எடுக்கறான். இங்க யார் வேணும்னாலும் எடுக்கலாம். அதனாலதான் யாரும் எடுக்கல."

நான் எழுந்தேன். அவர் வாசல்வரை வந்தார். தான் எழுதிக் கொடுத்தால் செல்லாது என்றார். பட்டியலில் இல்லாத டாக்டரின் கையெழுத்துக்கு என் கம்பெனியிலும் மதிப்பிருக்காது. தெரியும் என்றேன். ஒரு போன் செய்து உங்களைக் கேட்டிருக்கலாம் என்றார். அது என்னிடம் சொன்னதா, தனக்குத்தானே சொன்னதா என்று தெரியவில்லை. இரும்புப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கைப்பிடி சூடாக இருந்ததா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. வெயில் இருந்தது.

*

கிளினிக்கில் இந்த முறை ஓர் இளம் டாக்டர். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே மறு கையால் தன் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

வலி பத்துக்கு எவ்வளவு என்றாள். அதைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். இரட்டைக் கலரை எடுக்க முடியுமா?

"எடுக்கலாமே."

அவள் திரையில் தேடினாள். எப்போது தொடங்கியது என்று பார்த்தாள். எந்த டாக்டர் ஏன் தொடரவும் என்றார் என்று மேலும் கீழும் தேடினாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பெட்டியில் ஒரு டிக். அது தானாகவே விழுந்திருக்கும் டிக். யாராவது எடுத்தால்தான் போகும்.

"இத்தனை மாசமா நீங்க ஒருத்தர்கிட்டயும் கேக்கலையா?"

"இல்லம்மா."

"அவங்களும் கேக்கல." அவள் திரையிடம்தான் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். ஒரு விஷயம் இருக்கிறது என்றாள். ஸ்கேனுக்கு அனுமதி வந்துவிட்டது. நேற்றுத்தான் வந்திருக்கிறது. ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தேதிவரை மாத்திரை மாறக் கூடாது. மாற்றினால் அனுமதி தானாகவே ரத்தாகும். மறுபடியும் ஆறு வாரம், மறுபடியும் விண்ணப்பம்.

எனக்கு அப்போது ஆறு வாரம் மீதி இருந்தது. ஸ்கேன்வரை காத்திருந்தால் ஒரு வாரம் மிஞ்சும். ஒரு வாரத்தில் மாத்திரையைக் குறைத்து நிறுத்த முடியாது. இதை அவளிடம் சொன்னேன். கம்பெனிக் கடிதத்தையும் காட்டினேன். அவள் முழுவதும் படித்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தானே போன் செய்து கேட்பதாகச் சொன்னாள். செய்தாள். பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, என் பாதத்தைத் தட்டிப் பார்த்தாள். பாட்டு முடிந்து ஒரு குரல் வந்தது. விதி எண்ணைச் சொன்னது. டாக்டர் மறுபடி கேட்டாள். குரல் மறுபடி விதி எண்ணைச் சொன்னது. அதே சுருதி. என் குரலும் மேஜையில் இப்படித்தான் இருந்திருக்கும்.

டாக்டர் போனை வைத்தாள்.

"உங்க முதுகுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்ப அழுத்திட்டும் இருக்கலாம். பாக்காம பளு தூக்கினா கால் போற அளவுக்குப் போகலாம். போகாமலும் இருக்கலாம். நான் சொல்ல முடியாது."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். வெளியே டோக்கன் எண் மாறாததற்கு யாரோ சத்தம் போட்டார்கள்.

"நானா இருந்தா ஒரு நாள் லீவு போட்டுட்டு அழுவேன்," என்றாள். "அப்புறம் என்ன செய்வேன்னு தெரியல."

எடுத்துவிடுங்கள் என்றேன்.

நிச்சயமா என்று கேட்டாள். நிச்சயம் என்றேன். என் குரலில் அது எப்படிக் கேட்டதோ தெரியாது. அவள் டிக்கை எடுத்தாள். ஒரு சின்னச் சத்தம் வந்தது. திரையின் ஓரத்தில் இருந்த ஸ்கேன் தேதி சாம்பல் நிறமானது. பிறகு காணாமல் போனது. குறைக்கும் அளவுகளைக் கையால் ஒரு தாளில் எழுதினாள், வாரவாரம். நீர் மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் எப்போது நிறுத்துவது என்று எழுதினாள். எட்டாவது மாத்திரை எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. அதையும் எடுத்தாள்.

பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. வெளியே வந்தபோது காத்திருந்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

*

முதல் இரண்டு வாரம் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது வாரம் மனைவியின் உடையில் இஸ்திரியின் வாசம் வந்தது. அது பத்து மாதமும் இருந்திருக்க வேண்டும். பிறகு சத்தங்கள் வந்தன. பக்கத்து வீட்டுக் குழாய், மேஜையில் போன். கைகள் நடுங்கின. இரண்டு நாள் தூங்கவில்லை. எழுதிக் கொடுத்த தாளில் இதெல்லாம் வரும் என்று இருந்தது. வந்தது, போனது. மகள் அனுப்பிய குழந்தையின் படத்தை ஒரு நாள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாதிரி இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மாதிரி இருந்தது. அதைச் சொன்னபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வலியும் வந்தது. விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. காலையில் சாக்ஸ் போட முடியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு காலை மேலே தூக்கிப் போட்டேன். மனைவி கதவருகே நின்று பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"முன்ன மாதிரிதான்."

"முன்ன எப்படி இருந்துச்சுன்னு நீங்க எப்பவாவது சொன்னீங்களா?"

அவள் துண்டை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிக் கொண்டுவந்து முதுகில் போட்டாள். இன்னொரு முறை யோசிக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஆறாவது வாரம் இளம் டாக்டர் கையெழுத்துப் போட்டாள். கலக்கம் தரும் மாத்திரை எதுவும் இல்லை. அது உண்மை. வலியைப் பற்றி அந்தத் தாளில் கேள்வி இல்லை. அவள் பேனாவை மூடாமல் கொஞ்சம் காத்திருந்தாள். நான் தாளுக்குக் கை நீட்டினேன். மூடினாள்.

கம்பெனி நர்ஸ் என்னைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். ஒரு துணிப்பைக்குள் கையை விட்டுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டையும் பதினாலு மில்லிமீட்டர் போல்ட்டையும் தடவிப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். மேஜைக்கு மாற்றிய வாரம் இதே பையில் என் விரலுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. இருபது கிலோ பெட்டியைத் தூக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். வலி பத்துக்கு எவ்வளவு என்றார்.

"ஒண்ணு," என்றேன்.

அவர் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

*

முதல் நாள் நட்டுவோடுதான் போட்டார்கள். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். அடியில் ஒரு சத்தம் என்று புகார். ஷாஃப்டின் அடியில், லிப்ட் வந்து நிற்கும் மட்டத்துக்கும் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் குழி இருக்கும். பக்கச் சுவரில் பதித்த இரும்புக் கம்பிகளில் கால் வைத்து இறங்க வேண்டும். ஒருவன் இறங்குவான். இன்னொருவன் மேலே கதவருகே நிற்பான். என்ன ஆனாலும் மேலே நிற்கிறவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. கீழே இருக்கிறவனுக்கு உடம்பு முடியாமல் போனால் உதவிக்குக் கூப்பிட வேண்டும், தானே குதித்து இறங்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த விதி. நட்டு நிற்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அவன் இறங்கி வருவான். அப்போது மேலே யாரும் இருக்க மாட்டார்கள்.

இறங்கும் முன் உடம்பு சரியா என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அன்று ஷாஃப்ட் வேலை கிடையாது. காரணம் கேட்க மாட்டார்கள். பதிவேட்டில் எழுதி மேலாளருக்குப் போகும். சரி என்று வந்தால் அதற்கு மேல் யாரும் சரிபார்ப்பதில்லை. பதினேழு வருஷத்தில் நானும் அவனும் நாலைந்து முறை இல்லை என்று சொல்லியிருக்கிறோம். காய்ச்சல். ஒரு முறை அவன் மனைவியோடு சண்டை.

மெயின் சுவிட்சை அணைத்து இருவரும் அவரவர் பூட்டைப் போட்டோம். நட்டு கதவைத் திறந்து பிடித்தான். உள்ளிருந்து எண்ணெயும் தூசியும் கலந்த வாடை வந்தது. நான் சுவர்க் கம்பியைப் பிடித்தேன். குளிர்ந்தது. விரல் நுனியில் அதன் சொரசொரப்பு தனித்தனியாகத் தெரிந்தது.

"உடம்பு?" என்றான்.

"சரி."

"நான் வேணா கீழ போறேன். நீ இன்னிக்கு மேல நில்லு."

"இல்ல. என் முறைதான்."

முதல் கம்பி. இரண்டாவது. மூன்றாவது கம்பியில் வலது காலை இறக்கியபோது இடுப்பிலிருந்து குதிகால்வரை வலி இறங்கியது. நின்றேன். பல்லைக் கடித்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். மேலே திரும்பிப் போக இரண்டே கம்பி.

"என்ன மாப்ள?"

"கண்ணு பழகட்டும்."

அவன் அதை நம்பினான். டார்ச்சை எடுத்து என் காலுக்குக் கீழே வெளிச்சம் அடித்தான். அடுத்த கம்பி தெரிந்தது.

"மெதுவா எறங்கு," என்றான். "நான் எங்கயும் போகல."

வலது காலை எடுத்துக் கீழே நீட்டினேன். கம்பி தட்டுப்பட்டது. இறங்கினேன்.